மீட்ட பணம் எங்கே போக வேண்டும்? குவாரித் தொகைக்கு முன் உள்ள நான்கு வழிகள்

பொதுச் சொத்து கொள்ளை போகிறது என்று கேட்டால் வரும் கோபத்தில் பாதிகூட, அது மீட்கப்பட்ட பிறகு யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்ற கேள்வியில் நமக்கு வருவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அனுமதியின்றியும் அனுமதித்த அளவுக்கு மேலும் வெட்டியெடுக்கப்பட்ட கல்லுக்காக வசூலாகும் தொகையை என்ன செய்ய வேண்டும் என்று அரசுக்கு ஒரு மனு அளிக்க இங்குள்ள வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், விவசாயிகள் சிலர் முடிவு செய்திருக்கிறோம். பணம் வசூலாக வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வசூலானது எங்கே போக வேண்டும் என்று பேசத் தொடங்கியபோதுதான் நான்கு வழிகள் முன்னுக்கு வந்தன. அரசுக் கருவூலத்தில் சேர்ப்பது, தனி நிதியம் ஒன்றில் வைப்பது, பாதிக்கப்பட்டவர்களுக்கு நேரடியாகக் கொடுப்பது, நிர்வாகச் சீர்திருத்தமும் மனித உரிமைப் பாதுகாப்பும் உறுதியாகும் வரை பணத்தை நிறுத்திவைப்பது என்பவை அவை. நான்குமே உலகின் ஏதோ ஒரு மூலையில் நடைமுறைக்கு வந்து, நல்லதும் கெட்டதுமான அனுபவங்களைத் தந்திருக்கின்றன. அவற்றை நம் ஊர் நிலைமையோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சட்டம் எந்த அளவுக்குப் பேசுகிறது என்று பார்த்துவிடலாம். சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம், 1957-இன் 21(5) பிரிவு, சட்டவிரோதமாக எடுக்கப்பட்ட கனிமத்தையோ, அது விற்கப்பட்டுவிட்டிருந்தால் அதன் விலையையோ மாநில அரசு வசூலிக்கலாம் என்கிறது. ஒடிசாவின் இரும்புத்தாது வழக்கில் 2017 ஆகஸ்ட் 2 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒரு பகுதியை வசூலித்தால் போதும் என்ற வாதத்தை ஏற்காமல், முழு விலையையும் வசூலிக்க வேண்டும் என்று உறுதிசெய்தது. ஆனால் வசூலான தொகை எந்த ஊருக்கு, யாருக்குச் சேர வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடைச் சட்டத்தின் கீழ் பறிமுதலாகும் சொத்தோ மத்திய அரசின் வசமாகிறது. எனவே நாம் ஏதும் கேட்காமல் இருந்தால், எங்கள் பாறை பணமாகிச் சென்னைக்கோ டெல்லிக்கோ போய்விடும். இந்தியா 2011இல் ஏற்புறுதி அளித்த ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை ஒரு நல்ல நெறியைத் தருகிறது. நாடு விட்டு நாடு போன சொத்தைத் திருப்பித் தருவதைப் பற்றிய அதன் 57ஆம் பிரிவு, உரிமையாளரிடம் திரும்பச் சேர்ப்பதோடு, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு அளிப்பதையும் முன்னுரிமைக்குரியதாகக் குறிப்பிடுகிறது. அந்தப் பிரிவு நம் மாவட்டக் குவாரித் தொகையைக் கட்டுப்படுத்தாது என்றாலும், மனுவில் எடுத்துக்காட்டத் தகுந்த வரி அது.

பணக் கணக்கில் மனித உரிமை எங்கிருந்து வந்தது என்று எங்களிலேயே ஒருவர் கேட்டார். தருமபுரி மாவட்டத்துக்காரருக்கு இதற்கான விடை வெளியே தேட வேண்டியதில்லை. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அரூர் வட்டத்தின் வாச்சாத்திக்குள் நுழைந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம், கடத்தப்பட்ட சந்தன மரத்தை மீட்பது என்பதே. சந்தனம் பொதுச் சொத்து. அதை மீட்பது அரசின் கடமை. அந்தக் கடமையின் பெயரால் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன, பழங்குடி மக்கள் கூட்டங்கூட்டமாகச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். வழக்கை சி.பி.ஐ. விசாரித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரையும் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று குற்றவாளிகள் என்று அறிவித்தது; சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. பொதுச் சொத்தை மீட்கும் வேலை உரிமைகளை மதிக்காமல் நடந்தால் அதுவே பெருங்குற்றமாகிவிடும் என்பதை இந்த மாவட்டம் தன் உடம்பில் பட்டு அறிந்திருக்கிறது. ஆகவே சொத்து மீட்பையும் மனித உரிமைச் சீர்திருத்தத்தையும் இரண்டு தனித்தனி மனுக்களாக எழுத என்னால் இயலாது.

இனி வழிகளுக்கு வருகிறேன். கருவூலத்தில் சேர்ப்பது எளிய வழி. சட்டமன்றம் வரவு செலவுத் திட்டத்தை விவாதிக்கிறது, இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவர் தணிக்கை செய்கிறார், புதிதாக எந்த அமைப்பும் தேவையில்லை. பள்ளி ஆசிரியர் சம்பளமும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தும் ஆண்டுதோறும் தேவைப்படுபவை, ஒருமுறை வரும் தொகையை நம்பி அவற்றை நடத்த முடியாது, எனவே எல்லாப் பணமும் பொதுவில் சேர்வதே முறை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நைஜீரியாவில் நடந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். 1993 முதல் 1998 வரை அந்நாட்டை ஆண்ட ராணுவத் தளபதி சானி அபாச்சா சுருட்டிய பணத்தில் சுமார் 50 கோடி டாலரை 2005, 2006 ஆண்டுகளில் சுவிட்சர்லாந்து திருப்பி அனுப்பியது. அது அந்நாட்டின் வரவு செலவுத் திட்டத்துக்குள் சேர்க்கப்பட்டு, சாலை, கிராம மின்வசதி, கல்வி, நலவாழ்வு என்று பிரிக்கப்பட்டது. பிறகு உலக வங்கியும் குடிமக்கள் அமைப்புகளும் ஆய்வு செய்தபோது, முடிவடையாத திட்டங்களும் கைவிடப்பட்ட திட்டங்களும் தென்பட்டன. மீட்ட பணம் எது, வழக்கமான பணம் எது என்று பிரித்துக் காட்ட வழியில்லாமல் போனதுதான் பெரிய சிக்கல். ஏரியில் ஊற்றிய குடத்து நீரைப் பிறகு தேட முடியாது.

இதே நிலை இங்கே எப்படி இருக்கிறது என்பதை பர்கூர்ப் பக்கம் குவாரிகளுக்கு நடுவே இருக்கும் ஒரு கிராமத்தின் அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தில் பார்த்தேன். ஊராட்சிச் செயலாளர் வரவு செலவு அறிக்கையை வாசித்துக்கொண்டு போனார். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தெருவிளக்கு மின்கட்டணம், மின்மோட்டார் பழுது, நூறு நாள் வேலை என்று ஒவ்வொரு இனமும் ரூபாய் கணக்கோடு வந்தது. வாசித்து முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி எழுந்து, "ஏங்க, குவாரிக்காரரு கட்டுன அபராதம்னு சொன்னாங்களே, அது எந்தக் கணக்குலங்க வருது?" என்று கேட்டார். "அது நம்ம பஞ்சாயத்துக் கணக்குல வராதுங்கம்மா, நேரா மேல போயிடும்" என்று செயலாளர் மரியாதையாகவே பதில் சொன்னார். அந்த அம்மாவுக்குக் குவாரியை ஒட்டி மாந்தோப்பு இருக்கிறது. தை, மாசியில் பூங்கொத்துகளின் மேல் கிரஷர் தூள் வெள்ளையாகப் படிந்து பிஞ்சு பிடிக்காமல் கொட்டிவிடுவதாகவும், வெடி வைக்கும் நாட்களில் சமையலறைச் சுவரில் இருக்கும் விரிசல் ஒரு விரல் அளவுக்கு அகன்றுவிட்டதாகவும் சொன்னார். அபராதம் விதிக்கப்பட்டதற்குக் காரணமான கல் அவர் தோப்புக்குப் பக்கத்தில் வெட்டப்பட்டது. அந்த அபராதத்தில் அவருக்கு உரிமை இருப்பதாக எந்தக் காகிதமும் சொல்லவில்லை. கருவூல வழியைப் பற்றிய என் தயக்கம் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

தனி நிதியம் என்ற இரண்டாவது வழிக்குப் பெயர்பெற்ற முன்மாதிரி கஜகஸ்தானின் போட்டா அறக்கட்டளை. எண்ணெய் ஒப்பந்தங்களுக்காகக் கைமாறிய லஞ்சப் பணம் என்று கருதப்பட்டு சுவிஸ் வங்கிகளில் முடக்கப்பட்டிருந்த 8.4 கோடி டாலரை, 2007இல் அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, கஜகஸ்தான் ஆகிய மூன்றும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அரசின் கைபடாத ஓர் அறக்கட்டளையிடம் கொடுத்தார்கள். உலக வங்கி மேற்பார்வை செய்தது. 2009 முதல் 2014 வரை, வட்டியோடு சேர்ந்து சுமார் 11.5 கோடி டாலராக வளர்ந்த அந்தத் தொகை, ஏழைக் குடும்பங்களுக்கு உதவித்தொகையாகவும் மாணவர்களுக்குக் கல்வி உதவியாகவும் போய், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சென்றடைந்தது. பணம் மறுபடியும் திருடு போகவில்லை. அந்த அளவில் அது பெரிய வெற்றி. ஆனால் அறக்கட்டளை நன்றாக நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 2011 டிசம்பரில், ஜனாஓசென் என்ற எண்ணெய் நகரில் பல மாதங்களாக வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது காவல்துறை சுட்டதில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எண்ணெயில் திருடப்பட்ட பணம் பிள்ளைகளின் படிப்புக்குத் திரும்பிவந்தது; எண்ணெய் எடுத்த தொழிலாளிக்குக் கூட்டம் கூடிக் கேட்கும் உரிமை திரும்பி வரவில்லை. அரசைச் சுற்றிக்கொண்டு போகும் நிதியத்தால் அரசைத் திருத்த முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பெரு நாட்டில் வேறு விதமான கோளாறு நேர்ந்தது. முன்னாள் அதிபர் ஃபுஜிமோரி ஆட்சியின் ஊழல் பணத்தை மீட்டு வைப்பதற்காக 2001இல் உருவாக்கப்பட்ட சிறப்பு நிதியின் வாரியத்தில் அரசுத் துறைகளின் பிரதிநிதிகளே அமர்ந்திருந்தார்கள். பணத்தின் பெரும்பங்கு அவரவர் துறைகளுக்கே போனது. பக்கத்து மாநிலமான கர்நாடகத்திலோ, பணம் செலவாகாமல் கிடந்ததே சிக்கல். பல்லாரி, சித்ரதுர்கா, துமகூரு மாவட்டங்களின் சட்டவிரோத இரும்புத்தாதுத் தொழிலிலிருந்து உச்ச நீதிமன்ற உத்தரவுகளின்படி சேர்ந்த பல ஆயிரம் கோடி ரூபாய், கர்நாடகம் அமைத்த தனிக் கழகத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை மேற்பார்வைக்கு நியமித்த பிறகே வேலை நகரத் தொடங்கியது. சுரங்கத் தூசியில் வளர்ந்த ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதற்குள் பள்ளிப் படிப்பை முடித்திருப்பார்கள்.

நமக்குப் புதிதாக ஒரு நிதியத்தைத் தேட வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளை, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கும் பகுதிகளுக்குமாகவே உண்டானது. குத்தகைதாரர்கள் உரிமத் தொகைக்கு மேல் கட்டும் பங்கு அதில் சேருகிறது. அதன் செலவில் குறைந்தது 60 விழுக்காடு குடிநீர், நலவாழ்வு, கல்வி, சுற்றுச்சூழல் போன்றவற்றுக்குப் போக வேண்டும் என்று மத்திய அரசின் தொடக்க வழிகாட்டுதல் கூறியது. ஆட்சியர் தலைமையில் அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் இடம்பெறும் அமைப்பு அது. அந்த மூதாட்டியைப் போன்ற ஒருவர் அங்கே போய் உட்காரவும், தன் ஊருக்கு என்ன வந்தது என்று கேட்கவும் வழி குறைவு. சட்டவிரோதக் குவாரித் தொகையை இதில் தனிக் கணக்குத் தலைப்பின் கீழ் சேர்க்க வேண்டும் என்று கேட்பது நடைமுறைக்கு ஏற்றது. ஆனால் அறக்கட்டளை இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பணத்தை மட்டும் அதில் போடச் சொல்வது பெருவின் வழியில் நடப்பதாகிவிடும்.

மூன்றாவது வழியான நேரடி இழப்பீட்டைப் பற்றித்தான் எங்களுக்குள் அதிகம் விவாதம் நடந்தது. எனக்கும் இதுவே முதன்மையாகத் தோன்றுகிறது. இதில் இரண்டு வகையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2017இல் சுவிட்சர்லாந்து, நைஜீரியா, உலக வங்கி மூன்றும் செய்த உடன்பாட்டின்படி, அபாச்சா பணத்தில் மேலும் 32.2 கோடி டாலர், மிக ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 5,000 நைரா என்று பகிரப்பட்டது. உள்நாட்டுக் குடிமக்கள் அமைப்புகள் ஊர் ஊராகப் போய், பணம் வந்ததா என்று வீட்டுக்காரர்களிடமே கேட்டுச் சரிபார்த்தன. முந்தைய அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்ட முறை அது, பாராட்டத் தக்கது. ஆயினும் அது ஏழைக்குக் கொடுத்த உதவி. பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கும் இழப்பீடு வேறு. அதில் "உனக்கு இன்ன தீங்கு நேர்ந்தது, அதை இன்னார் செய்தார்கள்" என்ற ஒப்புதல் சேர்ந்து வருகிறது.

அந்த ஒப்புதலைச் சட்டமாகவே எழுதிய நாடு பிலிப்பைன்ஸ். 1986இல் மக்கள் எழுச்சியால் வெளியேற்றப்பட்ட ஃபெர்டினான்ட் மார்கோஸ் சுவிஸ் வங்கிகளில் வைத்திருந்த பணத்தைத் திருப்பியனுப்ப 1997இல் இசைந்த சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றம், அவரது ஆட்சியில் மனித உரிமை மீறலுக்கு ஆளானவர்களுக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும் என்பதையும் கருத்தில் கொண்டது. 2003இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் அந்தச் சுமார் 65 கோடி டாலரை அரசுக்கு உரியதென்று தீர்ப்பளித்தது. 2013இல் வந்த 10368ஆம் எண் சட்டம் அதிலிருந்து 1,000 கோடி பெசோவைப் பாதிக்கப்பட்டவர்களுக்கென ஒதுக்கியது. கொல்லப்பட்டவர், காணாமல் ஆக்கப்பட்டவர் குடும்பத்துக்கு 10 புள்ளி, சித்திரவதைக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் ஆளானவர்களுக்கு 6 முதல் 9 புள்ளி, காரணமின்றிச் சிறைவைக்கப்பட்டவர்களுக்கு 3 முதல் 5 புள்ளி என்று தீங்கின் அளவைக் கணக்கிட்டுப் பணத்தைப் பிரித்தார்கள். விண்ணப்பித்த சுமார் 75,000 பேரில் 11,103 பேர் ஏற்கப்பட்டார்கள். ஒரு மனிதனின் வேதனைக்குப் புள்ளி போடுவதா என்று எங்கள் கூட்டத்தில் ஒரு தமிழாசிரியர் வருந்திக் கேட்டார். புள்ளி இல்லாவிட்டால் செல்வாக்குதான் அளவுகோலாகும் என்பதே என் பதில். மார்கோஸ் வீழ்ந்ததற்கும் சட்டம் வந்ததற்கும் இடையே 27 ஆண்டுகள் ஓடிவிட்டதும், அதற்குள் பலர் இறந்துபோனதும் அதைவிட வருத்தத்துக்குரியவை. 2022இல் மார்கோஸின் மகனே அந்நாட்டின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இழப்பீடு கொடுத்ததாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

வாச்சாத்தித் தீர்ப்பில் என்னை நிறுத்திப் படிக்க வைத்தது ஒரு வரி. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும், அவர்களில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023இல் உத்தரவிட்ட உயர் நீதிமன்றம், அதில் 5 லட்சத்தைப் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கச் சொன்னது. அதிகாரி செய்த குற்றத்துக்கு அரசு தன் பணத்திலிருந்து இழப்பீடு கொடுத்துவிட்டு, அதை அவரிடமிருந்து திரும்பப் பெறாமல் விட்டால், அதுவும் பொதுப்பணம் களவு போவதுதான். மாநில மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும், கொடுத்த இழப்பீட்டைத் தவறிழைத்த அலுவலரிடமிருந்து வசூலிக்கலாம் என்று தெளிவுபடுத்தியது. ஆக, மனித உரிமை வழக்கின் இழப்பீடும் ஒரு சொத்து மீட்புதான்; அந்தக் கண்ணோடு இந்த இரண்டையும் ஒரே மனுவில் எழுதுவது வலிந்து கட்டிய இணைப்பாக இருக்காது.

நேரடி இழப்பீட்டின் பலவீனம் பட்டியலில் இருக்கிறது. யார் பாதிக்கப்பட்டவர் என்பதை யார் முடிவு செய்வது? பட்டா நிலம் உள்ளவர் சான்று காட்டிவிடுவார். புறம்போக்கில் ஆடு மேய்த்தவர், குத்தகைக்கு உழுதவர், குவாரியில் கூலிக்கு வெடிக்குழி போட்டவர் என்ன காட்டுவார்? பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலர் தனியே தயாரித்து மேலே அனுப்பினால், விடுபட்டவருக்கு விடுபட்டது தெரியவே பல மாதம் ஆகும். பட்டியல் கிராம சபையில் வாசிக்கப்பட்டு, ஆட்சேபனைக்கு நாள் கொடுக்கப்பட்டு, மேல்முறையீட்டுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இடம் வைக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காவது வழியான நிறுத்திவைத்தல், மனித உரிமை ஆர்வலர்களுக்கு மனதுக்கு மிக நெருக்கமானது. உஸ்பெகிஸ்தானின் முன்னாள் அதிபர் மகள் குல்னாரா கரிமோவா தொடர்பாக முடக்கப்பட்ட பணத்தில் 13.1 கோடி டாலரைத் திருப்பித் தர 2022 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்து உடன்பட்டது. பணம் அரசின் கையில் நேரடியாகத் தரப்படாமல் இஷோன்ச் என்ற, பல அமைப்புகள் சேர்ந்து செயல்படும் ஐ.நா. நிதியத்தில் சேர்ந்து, தாய்சேய் நலத் திட்டத்துக்குப் போகத் தொடங்கியது. அந்நாட்டு ஆர்வலர்கள் அதற்கு முன்பே கேட்டது இன்னும் கூடுதல். ஊழலுக்கு வழிவிட்ட நீதித்துறையையும் நிர்வாகத்தையும் சீர்திருத்த உறுதி வேண்டும், பருத்தி வயல்களில் கட்டாய உழைப்புக்கு ஆளானவர்களைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றெல்லாம் அவர்கள் குரல் கொடுத்தார்கள். எக்குவடோரியல் கினியிலோ, துணை அதிபர் தியோடோரின் ஒபியாங்கின் சொத்துகளிலிருந்து அமெரிக்கா பெற்ற 2.66 கோடி டாலர், அரசிடம் கொடுக்கப்படாமல், கொரோனா தடுப்பூசிக்கும் மருந்துகளுக்கும் ஐ.நா. வழியாகவும் தொண்டு நிறுவனம் வழியாகவும் ஒதுக்கப்பட்டது. தடுப்பூசி உயிர்காக்கும், சந்தேகமில்லை. 1979 முதல் பதவியில் இருக்கும் அவருடைய தந்தையின் ஆட்சி அதனால் மாறிவிடவில்லை.

வெளிநாடு ஒன்று பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நிபந்தனை விதிக்கும் அந்த முறையை இங்கே அப்படியே கேட்டால், இழப்பு முதலில் நம் மக்களுக்குத்தான். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்திருப்பதால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரும்வரை பற்களும் எலும்புகளும் பழுதான தலைமுறைகளைக் கண்ட மாவட்டங்கள் இவை. இங்கே வங்கிக் கணக்கில் பணத்தை உறங்கவிட்டு "முதலில் சீர்திருத்தம்" என்று சொல்ல எனக்கு மனம் வராது. உஸ்பெக் ஆர்வலர்களிடம் இல்லாத சில கருவிகளும் நம்மிடம் இருக்கின்றன. 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கிறது, ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபை இருக்கிறது, உயர் நீதிமன்றம் இருக்கிறது, வாக்கு இருக்கிறது. எனவே சீர்திருத்தக் கோரிக்கையைச் செலவுக்கு நிபந்தனையாக வைக்காமல், வசூலிக்கும் முறையிலேயே வைக்க வேண்டும் என்பது என் முடிவு.

அதற்கான காரணம் அண்மையில் நடந்தது. 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில், சட்டவிரோதக் குவாரிகள் பற்றித் தொடர்ந்து புகார் அளித்துவந்த ஒருவர் லாரி மோதி உயிரிழந்தார். அது கொலை வழக்காகிக் குவாரித் தொழிலில் இருந்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள். புகார் அளிப்பவரைப் பாதுகாக்க 2014இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ஒப்புதல் பெற்றும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. புகார் கொடுப்பவரின் உயிருக்கு உத்தரவாதம் இல்லாத இடத்தில் மீட்பதற்குப் பணம் எங்கிருந்து வரும்? இன்னொரு பக்கம், திடீர்ச் சோதனையில் பிடிபடுவது பெரும்பாலும் டிப்பர் லாரி ஓட்டுநரும் கூலியாட்களும்தான். நடைச்சீட்டு (கல் ஏற்றிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு) இல்லாமல் லாரியை அனுப்பியவர் வீட்டில் இருப்பார், ஓட்டுநர் ரிமாண்டில் இருப்பார். புகார்தாரர் பெயரை வெளியிடாமை, முதல் வழக்கு உரிமையாளர் மீதும் நிலக் குத்தகைதாரர் மீதும் என்ற விதி, சோதனைகளைக் காணொளியில் பதிவு செய்தல், பெண்கள் உள்ள குடியிருப்புகளில் பெண் காவலர் இல்லாமல் நுழையாமை ஆகிய நான்கையும் வசூல் நடைமுறையின் பகுதியாகக் கேட்கிறோம். கடைசி விதியை எதற்காகச் சேர்த்தோம் என்று அரூர்ப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தனி நிதி என்றாலே தனி ஊழல், கருவூலமே மேல் என்று இறுதிவரை வாதாடிய நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அச்சத்தை நான் மதிக்கிறேன், அதனால்தான் மனுவின் வரிசையைக் கீழ்க்கண்டவாறு அமைக்கலாம் என்று சொல்கிறேன். வசூலாகும் தொகையில் முதல் உரிமை, கிராம சபை ஒப்புதலோடு பட்டியலான பாதிக்கப்பட்டவர்களுக்கு. மீதி மாவட்டக் கனிம அறக்கட்டளையின் தனித் தலைப்பில் சேர வேண்டும். எந்த ஊரில் கல் போனதோ அந்த ஊரின் கிராம சபைத் தீர்மானம் இல்லாமல் அதிலிருந்து செலவு செய்யக் கூடாது. மாதக் கணக்கு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். அரசு இந்த வரிசையை ஏற்காமல், கருவூலம் அல்லது இப்போதுள்ளபடியே அறக்கட்டளை என்ற இரண்டில் ஒன்றைத்தான் தர முடியும் என்று சொன்னால், கணக்கை ஊரில் வெளியிடும் உறுதி இருந்தால் அறக்கட்டளையையும், அந்த உறுதி இல்லாவிட்டால் கருவூலத்தையும் தேர்ந்துகொள்வேன். கருவூலத்துக்குச் சட்டமன்றத்தின் கேள்வி நேரமாவது இருக்கிறது.

பட்டியலைப் பற்றி ஒரே ஒரு விஷயம் இன்னும் தீர்க்கப்படவில்லை. குவாரிகளில் கல் உடைக்க வட மாநிலங்களிலிருந்து வந்து, விபத்தில் விரலோ கண்ணோ இழந்து, ஊர் திரும்பிவிட்ட தொழிலாளர்களை இங்கே எந்தக் கிராம சபையும் அறியாது; அவர்களுக்கு இங்கே வாக்குமில்லை, உறவுமில்லை. குத்தகைதாரர் வைத்திருக்க வேண்டிய கூலிப் பதிவேட்டையும் அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பதிவேட்டையும் அவர்களுக்கான சான்றாக ஏற்க வேண்டும், விண்ணப்பம் அவர்கள் இருக்கும் மாநிலத்திலிருந்தே அஞ்சலில் வந்தாலும் போதும் என்று முதல் கோரிக்கையிலேயே எழுதியிருக்கிறேன். கூலிப் பதிவேடே இல்லாத குவாரிகளில் என்ன செய்வது என்பதைத் தொழிலாளர் துறையில் பணியாற்றியவர்கள் சொல்லித் தந்தால், மனு அனுப்பும் முன் அந்த வரியையும் சேர்த்துவிடலாம்.